கச்சத்தீவு: நம் எழுத்தில் இல்லாத மீனவர்

பத்தொன்பது வயதில் கல்லூரி ஆண்டு மலருக்காக ‘கச்சத்தீவு’ என்று ஒரு கவிதை எழுதினேன். தாயின் மடியிலிருந்து பிடுங்கப்பட்ட பிள்ளை, கடலில் கரையும் குங்குமம், துப்பாக்கிக்குப் பதில் சொல்லும் துடுப்பு என்று அந்த வயதுக்குரிய சாமான்கள் எல்லாம் அதில் இருந்தன. நான் ராமநாதபுரத்தில் வளர்ந்தவன். எங்கள் தெருமுனைச் சுவரில் ‘கச்சத்தீவை மீட்போம்’ என்று எழுதியிருக்கும். கட்சி மாறும்போது எழுத்தின் நிறம் மாறும், வாசகம் மாறாது. எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனவர் ஒருவரும் இல்லை. அப்பா அரசாங்கக் குமாஸ்தா. கவிதைக்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை.

அந்தக் கவிதையைப் போன குளிர்காலத்தில் இங்கே பியோர்ண்டாலில் வாசித்தேன். எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒருமுறை கூடும். குடியிருப்புச் சங்கத்தின் நிலவறைக் கூடம், பன்னிரண்டு பதின்மூன்று பேர், மீன் ரோல்ஸ், தேநீர். அன்றைக்குப் பொருள் ‘கடல்’ என்று வைத்திருந்தார்கள். பழைய பெட்டியைக் கிளறி அந்தக் கவிதையை எடுத்துப் போனேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் கைகட்டி இருந்தார். குருநகர்க்காரர், 1986இல் நோர்வேக்கு வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பதினாறு வருடம் மீன் வெட்டியவர்.

“தம்பி, கவிதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்குள்ள எங்கட வலை எங்க?”

எனக்கு விளங்கவில்லை. “எந்த வலைங்க ஐயா?” என்றேன்.

“நீங்கள் அறுத்துக்கொண்டு போறியளே, அந்த வலை.”

யாரோ எழுந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்குப் போகவில்லை. கடலையே தொழிலாகப் பார்க்காத என்னையும் சேர்த்து அவர் ‘நீங்கள்’ என்றது முதலில் சுட்டது. பிறகு யோசித்தால், என் கவிதை ‘நாங்கள்’ என்றுதானே தொடங்குகிறது? அந்த ‘நாங்கள்’ செல்லும் என்றால் இந்த ‘நீங்கள்’ளும் செல்லத்தான் வேண்டும். அதன்பிறகு சில மாதங்களாகக் கச்சத்தீவு பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், பார்த்தேன். ஒப்பந்தம், மேடைப் பேச்சு, சினிமா, நாவல் எல்லாவற்றிலும் பெரியவரின் வலையைத் தேடினேன். கண்டதையும் காணாததையும் எழுதுகிறேன்.

முதலில் ஒப்பந்தம். இலக்கியக் காலாண்டிதழில் ஒப்பந்தத்தை விமர்சிப்பதா என்று கேட்கலாம். கச்சத்தீவு பற்றி அதிகம் பேசப்பட்டதும் மிகக் குறைவாக வாசிக்கப்பட்டதுமான பிரதி அதுதான். 1974 ஜூன் 26, 28 தேதிகளில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டது. எட்டே உறுப்புகள். பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஒரு கோட்டை வரைந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் என்னுடையது என்கிறது. அவ்வளவுதான். ஒரு தீவைக் கொடுத்தோம், பெற்றோம் என்ற வாக்கியம் அதில் கிடையாது. கோடு தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போவதால் தீவு தானாக அந்தப் பக்கம் விழுந்துவிடுகிறது. கச்சத்தீவு என்ற பெயர் தலைகாட்டுவது ஐந்தாம் உறுப்பில்தான். அங்கேயும் தீவு யாருடையது என்று சொல்வதற்காக அல்ல. இந்திய மீனவரும் யாத்திரிகரும் இதுவரை போல அங்கே வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்று சொல்வதற்காக.

‘இதுவரை போல’ என்ற சொல்லில் நின்று பாருங்கள். இதுவரை என்னென்ன நடந்தது என்று ஒப்பந்தம் எழுதவில்லை. வலை உலர்த்தியது, ஓய்வெடுத்தது, அந்தோனியார் திருவிழாவில் பூசை கண்டது, அக்கரைக்காரரோடு பண்டமாற்றுச் செய்தது, சுற்றிலும் மீன் பிடித்தது இவற்றில் எதெது ‘இதுவரை’யில் அடக்கம்? அடுத்த உறுப்பு இன்னும் சாமர்த்தியமானது. இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றொன்றின் நீரில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. ‘மீன்’ என்ற சொல் அங்கே இல்லை. 1974 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மீன்பிடி உரிமை பாதுகாக்கப்பட்டிருப்பதாகத்தான் சொன்னார். ஆனால் 1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுத்தபோது இரு வெளியுறவுச் செயலர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக்கூடாது என்றது கடிதம். அந்தக் கடிதம் பாக்கு நீரிணையைக் கட்டுப்படுத்தாது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஆனால் நடைமுறையில் ‘இதுவரை’ அன்றோடு முடிந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கும் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்னால், ஜனவரி 31இல், தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டிருந்தது. நெருக்கடி நிலை வேறு. 1974 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்ட சட்டமன்றம், கடிதம் எழுதப்பட்ட நாளில் இருக்கவில்லை. கோபத்துக்கு நியாயம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் எழுதப்போவதை வைத்து யாரும் வேறுவிதமாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த ஐந்தாம் உறுப்பை மறுபடி வாசித்தபோது பெரியவரின் கேள்வி வந்து குறுக்கே நின்றது. மீனவர் என்று வருகிற இடத்தில் ‘இந்திய மீனவர்’ மட்டும் வருகிறார். நெடுந்தீவிலிருந்து வெறும் 24 கிலோமீட்டரில் இருக்கிற தீவுக்கு, அந்தக் கரையிலிருந்து காலகாலமாகப் போய்வந்தவர் அந்த எழுத்தில் மனிதராக இல்லை. கலங்களில் ஒரு கலமாக இருக்கிறார், அவ்வளவே. கொழும்புக்கு அவரைத் தனியாகக் குறிப்பிட வேண்டிய அவசியம் தோன்றவில்லை. டெல்லிக்கு எதற்குத் தோன்ற வேண்டும்? இரண்டு தலைநகரங்களும் அவரை விட்டது எனக்கு வியப்பாக இல்லை. தமிழில் எழுதிய நாமும் விட்டோமே என்பதுதான் கட்டுரைக்குக் காரணம்.

மேடைத் தமிழை எடுத்துக்கொள்வோம். கச்சத்தீவுக்கு மேடை கொடுத்த வினைச்சொல் ‘தாரைவார்த்தல்’. ‘கச்சத்தீவு தாரைவார்க்கப்பட்டது.’ எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்போம். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கும்போது நீர் வார்ப்பதுதான் தாரைவார்த்தல். தீவு அதில் பெண்ணாகிவிடுகிறது. கொடுத்தவர் தகப்பன் ஸ்தானத்தில், கொடுக்கக்கூடாத இடத்தில் கொடுத்த தகப்பன். (குடிக்க ஒரு குவளை நல்ல தண்ணீர் கிடைக்காத தீவுக்கு நீர்வார்த்த வினைச்சொல் எப்படி வாய்த்தது பாருங்கள்.) அதன் செயப்பாட்டுவினையில் ஒரு வசதி இருக்கிறது. வார்த்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரவர் கட்சிக்குத் தோதாக இந்திராவையோ கருணாநிதியையோ நேருவையோ அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். 1991இல் ஜெயலலிதா சட்டமன்றத்தில் மீட்போம் என்று தீர்மானம் கொண்டுவந்தார், 2008இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2014இல் அதே நீதிமன்றத்தில் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர், தீவு திரும்ப வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்றார். 2024 தேர்தல் நேரத்தில் பிரதமரே அதைக் கையில் எடுத்தார். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மறுபடியும் தீர்மானம். அந்த செப்டம்பரில் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தீவில் போய் இறங்கினார். எல்லாம் 285 ஏக்கருக்கு.

‘மீட்பு’ என்பதும் கவனிக்க வேண்டிய சொல். நகையை அடகிலிருந்து மீட்போம், பிணையாளியை மீட்போம். மீட்டபின் என்ன செய்வது என்று அந்தச் சொல் யோசிப்பதில்லை. நகை பெட்டிக்குப் போகும், ஆள் வீட்டுக்கு வருவான். தீவை மீட்டால்? கோடு அதிகம் போனால் சில மைல் கிழக்கே நகரும். ராமேசுவரத்து விசைப்படகு இன்றைக்கு வலை இழுக்கிற இடமோ அதையும் தாண்டி, நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் அருகே. இதை ராமேசுவரத்தில் படகு வைத்திருக்கும் எவரும் அறிவார். மேடை அறியாது, அல்லது அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாது.

சினிமாவுக்கு வருகிறேன். சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ 2012இல் வந்தது. கடற்படையால் சுடப்பட்டு இறந்த கணவனை வீட்டுக்குள்ளேயே புதைத்து வைத்துக் காத்திருக்கும் எஸ்தரின் கதை. நான் அந்தப் படத்தை மதிக்கிறேன். புகார் கொடுத்தால் என்ன நடந்துவிடும் என்ற அவளுடைய கசப்பு அந்தக் கரையில் பிறந்த கசப்பு, செயற்கை அல்ல. ஆனால் இப்போது மறுபடி பார்த்தபோது ஒன்று உறுத்தியது. படத்தில் அக்கரைத் தமிழர் வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? கடலில் சுடப்பட்ட அகதிகளாக, அவர்கள் விட்டுப்போன குழந்தையாக. அந்தக் குழந்தைதான் வளர்ந்து நாயகன் ஆகிறான். அக்கரைத் தமிழரைப் பிணமாகவும் அநாதையாகவும் ஏற்றுக்கொள்ள நமக்குச் சிரமமே இல்லை. அழுவோம், தத்தெடுப்போம். காலையில் எழுந்து வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய் மீன் பிடித்து விற்றுப் பிழைக்கிற ஒருவராக அவரைக் கதைக்குள் விட்டால் கதை கலைந்துவிடும். அவருக்கும் அதே மீன் வேண்டும் அல்லவா?

லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ இந்த இடத்தில் கொஞ்சம் துணிந்த படம். தனுஷ்கோடி மீனவரையும் அகதிகளையும் வைத்தே எடுத்தது. ஷோபாசக்தி அதில் எழுத்திலும் நடிப்பிலும் இருந்தார். தணிக்கை மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 2011இல் சான்றிதழ் பெற்றது. இரண்டு அரசுகளையும் அது விட்டுவைக்கவில்லை. ஆனாலும் அதன் கடலில் ஆயுதம் இருக்கிறவன், இல்லாதவன் என்று இரண்டே சாதி. இல்லாதவர்களுக்குள் பெரிய எஞ்சின் வைத்தவன், சின்ன எஞ்சின் வைத்தவன் என்ற பிரிவு அந்தக் கதைக்கு வேண்டியிருக்கவில்லை. போர் முடிந்த கையோடு எடுத்த படம், அதைக் குறையாகச் சொல்லவும் மனம் வரவில்லை.

அந்தப் பிரிவை எழுதிய நாவல் நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, 1977. கச்சத்தீவுக் கடிதத்துக்கு அடுத்த வருடம். அதில் கச்சத்தீவு இல்லை, கடற்படை இல்லை, இலங்கையே இல்லை. ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே கோயில். அதற்குள் லாஞ்சு வைத்திருப்பவருக்கும் வல்லம் வைத்திருப்பவருக்கும் பகை மூண்டு ஊரைத் தின்கிறது. பிலோமியின் காதலைப் பற்றி நாம் எழுதியதில் பாதிகூட அந்த லாஞ்சைப் பற்றி எழுதவில்லை. மென்மையான நாவல் என்று முத்திரை குத்தி அடுக்கில் வைத்துவிட்டோம். பாக்கு நீரிணையில் இன்று நடப்பது, நடுவில் ஒரு சர்வதேச எல்லை போட்டு விரித்த ‘கடல்புரத்தில்’தான். அந்த நாவலை மணப்பாட்டுக் கரையிலிருந்து நெடுந்தீவு வரை நீட்டி எழுத ஒருவர் இன்னும் வரவில்லை.

என்ன நடக்கிறது என்பதை, தெரியாதவர்களுக்காக, குறிப்பாக இங்கே பிறந்து வளர்ந்த இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பாக்கு நீரிணை ஆழமற்ற கடல். பெரும்பகுதி 15 மீட்டருக்குள். இழுவை மடி தரையைத் தொட்டு வழித்துக்கொண்டு போகும். இறால் வரும், கூடவே குஞ்சும் முட்டையும் பாசியும் வரும். தமிழ்நாட்டுப் பக்கம் அறுபதுகளிலிருந்து இறால் ஏற்றுமதிக்காக விசைப்படகுகள் பெருகின. தங்கள் பக்கத்துக் கடல் வற்றியபோது கோட்டைத் தாண்டின. போர்க் காலத்தில் வடபகுதி மீனவரைக் கடலுக்குப் போகவிடாமல் இலங்கை அரசு கட்டிப்போட்டிருந்தது. கடல் ஆளில்லாமல் கிடந்தது, தாண்டியவருக்கு எதிரில் கடற்படை மட்டும் இருந்தது. 2009க்குப் பிறகு இவர்கள் கடன் வாங்கி ஃபைபர் படகும் வலையும் வாங்கிக் கடலுக்குத் திரும்பினால், இரவில் வரிசையாக விசைப்படகுகள். விரித்த வலை காலையில் இல்லை. ராமேசுவரத்தில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் சண்டை வராதிருக்க, வாரத்தில் நாள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் நாட்டுப்படகுக்காரரைக் காப்பாற்ற நாள் ஒதுக்கத் தெரிந்த ஊர் அது. அக்கரை நாட்டுப்படகுக்காரருக்கு அந்தக் கணக்கில் ஒரு நாளும் ஒதுக்கவில்லை. 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவரும் தமிழ்நாட்டில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி, இழுவைமடியைப் படிப்படியாகக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். நடக்கவில்லை. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் தரையோடு இழுப்பதையே தடைசெய்து சட்டம் போட்டது.

சுட்டது பொய்யா என்று கேட்பார்கள். பொய் இல்லை. நிராயுதபாணியான மீனவரைக் கடலில் சுடுவதற்கு எந்தக் கோடும் நியாயம் ஆகாது. செத்தவர் படகு முதலாளி அல்ல, பங்குக்குப் போன கூலி. பிடிபட்டுச் சிறையில் கிடப்பவரும் அவர்தான். இதையும் எழுத வேண்டும். நான் சொல்வது, நம் எழுத்து இந்தச் சாவை வைத்தே அந்த வலையை மறைத்துவிட்டது என்று. ஒரு பக்கம் பிணம், மறுபக்கம் அறுந்த வலை என்றால் எதற்கு அழுவது என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்காது. அறுந்த வலை சாவு அல்ல, கடன். கடனுக்குக் கவிதை எழுதுவது கடினம்.

ஈழத்து எழுத்தையும் விட முடியாது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் றோலர் செய்தி வாராவாரம் வருகிறது. மீனவர் சங்கங்கள் மறியல் செய்கின்றன. புனைவில், கவிதையில் அது எங்கே? புலம்பெயர் மேடையில் எங்கே? ஓஸ்லோவில் எத்தனை நிகழ்வுகளில் ‘தொப்புள்கொடி உறவு’ என்று கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டின் ஆதரவு தேவைப்பட்ட அரசியலுக்கு ராமேசுவரத்து விசைப்படகைக் குறைசொல்வது கட்டாது. சொன்னால் கொழும்புக்கு உதவியாகிவிடும் என்று பயம். அந்தப் பயத்தில் உண்மையும் உண்டு, கொழும்பு இந்தச் சண்டையை ரசிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு விலை கொடுத்தது மேடையில் பேசியவர்கள் அல்ல. இன்னொன்றும் உண்டு, அதை எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள். கடலோர மக்கள் நம் இலக்கியத்துக்குள் வந்ததே குறைவு. வெள்ளாளரின் தோட்டத்தை யாரோ இரவில் வந்து மண்வெட்டியால் கொத்திப் போயிருந்தால் முப்பது நாவல் வந்திருக்கும்.

இந்தக் கதையில் நோர்வேக்கும் பங்கு உண்டு என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இந்த நாட்டின் வெளிநாட்டு உதவி வரலாறு தொடங்குவதே கேரளக் கடற்கரையில். 1952இல் இந்தியா, நோர்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் செய்து, 1953இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் வேலை தொடங்கியது. எஞ்சின் பொருத்திய சிறு படகு, பனிக்கட்டித் தொழிற்சாலை, குடிநீர், மருத்துவ மையம் என்று நல்ல எண்ணத்தோடுதான். அறுபதுகளில் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இறால் விலைபோகத் தொடங்கியதும் படகுகள் இழுவைமடிக்கு மாறின. திட்டமும் வேறு இடங்களுக்கு விரிந்தது. அவற்றில் ஒன்று மண்டபம். என் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணிநேரம். பாக்கு நீரிணையின் விசைப்படகு எல்லாம் நோர்வே கொடுத்தது என்று சொல்ல மாட்டேன், தமிழ்நாட்டு அரசே கடன் கொடுத்து ஊக்கியது. ஆனால் அந்த எஞ்சின் சத்தத்தின் தொடக்கத்தில் இந்த நாட்டின் குரலும் கலந்திருக்கிறது.

அக்கரையிலும்தான். நோர்வேக்கு முதலில் வந்த தமிழர் என்று நாம் நினைவுகூர்கிற அந்தோனி இராஜேந்திரம் குருநகர்க்காரர், 1956இல் வந்தவர். மீன்பிடித் தொழிலைக் கற்று, இங்கே பணம் திரட்டி, சீ-நோர் நிறுவனத்தைத் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். ஒரே நாடு ஒரு கரைக்கு எஞ்சினையும் மறு கரைக்கு வலையையும் கொடுத்திருக்கிறது. இரண்டும் சந்தித்துக்கொள்ளும் என்று யார் நினைத்தார்கள்.

இந்த நாட்டுக்காரர் தங்கள் சண்டையை எப்படி எழுதினார்கள் என்றும் பார்த்தேன். 1890இல் லொஃபோட்டனின் துரோல்ஃபியோர்டில் நீராவிக் கப்பல்காரர்கள் மீன் கூட்டத்தை மறித்து வலை போட, துடுப்புப் படகுக்காரர்கள் பனிக்கட்டியையும் கம்பையும் கொண்டு மோதினார்கள். எதிரி அந்நியன் அல்ல, அதே நோர்வேக்காரன். யூஹான் பூயர் 1921இல் எழுதிய ‘கடைசி வைக்கிங்’ நாவலில் அந்த மோதல் வருகிறது. தங்களுக்குள் நடந்த வெட்கக்கேடு என்று ஒளிக்கவில்லை, நாவலின் நடுவில் வைத்தார். 1936இல் இழுவைப் படகுகளைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. வீட்டில் இழுவையைக் கட்டிப்போட்ட நாடு வெளியூரில் எஞ்சின் விநியோகித்த முரண்பாடு ஒரு பக்கம் இருக்கட்டும்.

வடக்கே ரஷ்யாவோடும் அவர்களுக்குக் கடல் தகராறு இருந்தது. பாரன்ட்ஸ் கடலில் ஏறத்தாழ 1,75,000 சதுர கிலோமீட்டர். கோடு எங்கே என்று நாற்பது ஆண்டுகள் பேசி, 2010 செப்டம்பர் 15இல் முர்மான்ஸ்கில் கையெழுத்திட்டார்கள். கோடு முடிவாவதற்கு முப்பது வருடம் முன்பே, எழுபதுகளிலேயே, கூட்டு மீன்பிடி ஆணையம் அமைத்து ஆண்டுதோறும் எத்தனை டன் தொர்ஸ்க் பிடிப்பது, யாருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டார்கள். பனிப்போர்க் காலத்தில், நேட்டோ நாடும் சோவியத்தும். 2022க்குப் பிறகு எத்தனையோ உறவுகள் அறுந்தும் அந்தக் கணக்கு இன்னும் எழுதப்படுகிறது. இதை என் மகளிடம் சொன்னேன். அவள் பள்ளியில் இதைப் படித்திருந்தாள். “அங்க ரெண்டு பக்கமும் தமிழ்தானேப்பா, இன்னும் ஈஸியா இருந்திருக்கணுமே” என்றாள். எதிரியோடு எழுதி வைத்துக்கொள்வோம், உறவுக்காரரிடம் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவன் நான். அவளுக்கு அதை விளக்கத் தெரியவில்லை.

சென்ற மாதம் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். ஹவுகெட்டோ ரயில் நிலையத்திலிருந்து பேருந்து ஏறி வந்தால், காட்டைப் பார்த்த கடைசிக் கட்டடம். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றதும் அவர் முதலில் சொன்னது நான் எதிர்பாராதது. “அப்ப இதையும் எழுதும். எங்கட குருநகரிலயும் றோலர் இருந்தது. இப்பவும் இருக்கு. நானும் ரெண்டு வருசம் அதில போனனான். வலைக்காரர் எங்களுக்கும் ஏசினவை.” பிறகு கச்சத்தீவுத் திருவிழாவைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் தகப்பனோடு போனது. இவர்கள் சவுக்காரமும் தேங்காய் எண்ணெயும் கொண்டுபோவார்களாம், ராமேசுவரத்துக்காரர் சாரமும் சேலையும் கொண்டுவருவார்களாம். தகப்பனுக்கு அங்கே ஒரு சிநேகிதர், தங்கச்சிமடத்துக்காரர். வருடத்துக்கு ஒருமுறை அந்தோனியார் முன்னால்தான் சந்திப்பு. பெயர் மறந்துவிட்டது என்றார். அவருடைய மருமகன் இப்போதும் கடலுக்குப் போகிறான். வலையைப் போன வருடமும் இழந்தான். இங்கிருந்து இவர்தான் பணம் அனுப்பினார்.

தொகுப்பில் சேர்க்க வைத்திருந்த அந்தப் பழைய கவிதையை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

“ஏன் எடுத்தனீர்? இருக்கட்டும். அதுக்குப் பக்கத்தில ஒண்டு எழுதும்.”

“என்னன்னு எழுதட்டும் ஐயா?”

“கிழமை நாளை எழுதும். திங்கள், புதன், சனி. அந்த மூண்டு இரவும் எங்கட சனம் கடலுக்குப் போறேல்ல. கரையில நிண்டு பாத்தால் லைட் தெரியுமாம், பட்டணம் மாதிரி.”